மஞ்சள் பொட்டுக்குப் பின் இரண்டு முழம்

எங்கள் தெருவில் இந்தக் கதையைச் சொல்லாத வாய் இல்லை. பூட்டிய வீட்டுக்குள் தறி தானாக ஓடியதாம். அமாவாசை இரவாம். நாய்கள் ஊளையிட்டனவாம். வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்தாளாம். சேலத்திலிருந்து வருகிற உறவுக்காரர்கள்கூடச் சாப்பிட்டுக் கை கழுவியதும் அந்தக் கதையைக் கேட்கிறார்கள்.

அத்தனையும் புளுகு. அமாவாசையும் இல்லை, இரவும் இல்லை, சேலைக்காரியும் இல்லை. அது உச்சி வெயில். நாய்கூட இல்லை, நாய்களும் சோறு தேடி எங்கள் பின்னாலேயே காட்டுக்கு வந்துவிட்டிருந்தன. எனக்கு இது தெரியும். அந்தக் கதவுக்கு முன்னால் கையில் சாவியோடு நின்றவள் நான்.

இராசிபுரத்தில் நாங்கள் நெசவுக் குடும்பம். நான் வாழ வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் நானும், என் வீட்டுக்காரரும், அவருடைய அம்மாவும்தான். அத்தை இளம் வயதிலேயே தாலியிழந்தவர். என் வீட்டுக்காரரின் அண்ணன், தன் மனைவி மக்களோடு அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருந்தார்.

என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். மற்றவர்கள் குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாவை ஒரு தடவை ஓட்டினால், இழையை நெருக்கும் பலகையை ஒரு தடவை அடிப்பார்கள். அவர் இரண்டு அடி அடிப்பார். முதலடி பலமாக, இரண்டாவது சும்மா தொட்டாற்போல. சடக், தட், தட். அடுப்படியில் இருந்துகொண்டு அந்த இரண்டாவது அடிக்காக என் காது காத்திருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தறியை விட்டு எழுந்தால், அது வெற்றிலை போடவே ஆனாலும், நாடாவிலிருந்து வரும் அந்தக் குறுக்கிழையை, ஊடையை, அறுத்துவிட்டுத்தான் எழுவார். திரும்ப வந்து உட்கார்ந்ததும் அறுந்து நின்ற கடைசி இழைக்குப் பக்கத்திலேயே புது இழையை முழு அகலத்துக்கும் ஓட்டித் தொடங்குவார். அந்த இடத்தில் மட்டும் துணியில் இரட்டை இழை விழும். வெயிலில் பிடித்துப் பார்த்தால் மெல்லிய கோடாகத் தெரியும். ஊரில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. இது துணிக்குக் குறை என்று அத்தை ஓயாமல் திட்டுவார்.

"ஏனுங்க, அறுக்காம எந்திரிச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இழையோட உட்டுட்டுப் போனா தறி நம்மளைத் தேடும் புள்ள" என்றார். பயமுறுத்துகிறாரா விளையாடுகிறாரா என்று தெரியாதபடி முகத்தை வைத்துக்கொண்டார்.

சேலையைத் தறியிலிருந்து இறக்கியதும் இரண்டு பேரும் உட்கார்ந்து கோடுகளைப் படிப்போம். இது வெற்றிலை. இது மழை வந்து, தெருவில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் நனைந்துவிடுமென்று ஓடியது. இது அண்ணன் வந்து கூப்பிட்டது. பாதிக் கோடுகளில் விரலை வைத்து, "இது உன்னால" என்பார். சாப்பிடக் கூப்பிட்டேன், தண்ணீர்க் குடத்தை இறக்கக் கூப்பிட்டேன், ஒன்றுமில்லாததற்கும் கூப்பிட்டேன். அந்தக் காலத்தில் எனக்குக் கூப்பிடுவதற்கு வெட்கமே இருந்ததில்லை.

கார்த்திகைக் கடைசியில் அவர் நூல் எடுக்கச் சேலத்துக்கு வண்டியில் போனார். இரண்டு நாளில் திரும்புவதாகப் பேச்சு. மறுநாள் காலையில், நெய்பவர் கால் வைக்கும் தறிக்குழிக்குள்ளிருந்து ஓர் எலி ஏறி வந்தது. பட்டப்பகலில், ஆள் நிற்பதைப் பொருட்படுத்தாமல், குடித்தவன் நடையில் வந்து என் காலடியில் வட்டம் சுற்றி விழுந்தது. நான் கத்தவில்லை. அத்தைதான் கத்தினார். "எலி உளுந்திருச்சு!"

அந்த வார்த்தைக்கு அப்போது எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். பிளேக். அன்று மாலைக்குள் எங்கள் தெருவில் மட்டும் பதினோரு வீட்டில் எலி விழுந்திருந்தது. மறுநாள் சுகாதாரத்து ஆட்கள் வந்தார்கள். ஊரைக் காலி செய்து காட்டில் கொட்டகை போட்டுக்கொள்ள வேண்டும், வீடுகளில் வெயில் விழும்படி கூரையில் இரண்டு வரிசை ஓடுகளை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காய்ச்சல் கண்டவர்களை ஊருக்கு வெளியே தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போனவர்களில் நடந்து திரும்பியவர்கள் குறைவு. அதனால் காய்ச்சல் வந்தவனை ஒளித்துவைப்பது வீட்டுக்கு வீடு நடந்தது.

தறியைப் பல நாளைக்கு நிறுத்தினால் கடைசி இழையில் மஞ்சள் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். பாதிச் சேலை தறியில் நின்றது. அத்தை மஞ்சளைக் குழைத்துக் கரையோரமாக ஒரு பொட்டு வைத்தார். அவர் சேலத்துக்குப் புறப்படும்போது எழுந்த இடம் அது. இழை ஒழுங்காக அறுந்திருந்தது, நாடா பலகை மேல் கிடந்தது. பின் கதவுக்கு உள்ளே தாழ் போட்டோம். முன் கதவைப் பூட்டினோம். சாவியை அத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சேலத்துப் பாதையில் எதிர்ப்படுகிற எவரும் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள், நேரே காட்டுக்கு வந்துவிடுவார் என்று நினைத்தோம். வரவில்லை. காலையில் எழுந்ததும் நான் முதலில் என் அக்குளையும் தொடையிடுக்கையும் தடவிப் பார்ப்பேன், கட்டி இருக்கிறதா என்று. அடுத்து பாதையைப் பார்ப்பேன். அந்த வரிசையில்தான். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

காட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள், அவரைச் சேலத்துக்கு ஏற்றிப்போன வண்டிக்காரர் வந்தார். கொட்டகையிலிருந்து இருபது அடி தள்ளியே நின்றுகொண்டு பேசினார். சேலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டதாம். தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்களாம். மூன்றாம் நாள் இவர் போய் விசாரித்தபோது, இராசிபுரத்து ஆள் போய்விட்டான், எரித்தாயிற்று என்றார்களாம். துணி மூட்டையும் நூல் கட்டும் எரிவதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

"நீ என்ற மவன் மொகத்தைப் பாத்தியா?" என்று அத்தை கேட்டார்.

"இல்லீங்க. உள்ள உட மாட்டேன்னுட்டாங்க."

அத்தை கொட்டகைக்குள் திரும்பி நடந்தார். அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. உறவுக்காரர்கள் கூடிப் பேசிப் பதினாறாம் நாள் எனக்குத் தாலி வாங்குவது என்று முடிவு செய்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டிய கூரைச்சேலையைக் கடைசியாக ஒரு தடவை உடுத்தி, பூ வைத்து, அதன் பிறகுதான் வாங்க வேண்டும். அந்தச் சேலை பூட்டிய வீட்டுக்குள் பெட்டியில் இருந்தது.

யார் போவது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் மண்ணைப் பார்த்தார்கள். நான் போகிறேன் என்றேன். தைரியம் அல்ல. அந்த வீட்டுக்குள் போனால் அழுகை வரும் என்று நினைத்தேன். அழுதால் நம்பிவிடுவேன் என்று தோன்றியது.

அத்தை இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். "உச்சிப் பொழுதுல போ அம்மிணி. வெயில் ஏறுனா நோய் அடங்கிக் கெடக்கும். சேலையை மட்டும் எடு. வேறொண்ணையும் தொடாத."

"போயிட்டு வாரேனுங்க அத்தை."

வீட்டுக்காரரின் அண்ணன் துணைக்கு வந்தார். தெரு முனையில் இருந்த புளியமரத்தோடு நின்றுகொண்டார். "நான் புள்ளகுட்டிக்காரன் அம்மிணி" என்றார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் வெகுகாலம் இருந்தது. இப்போது இல்லை. அன்று அவர் செய்ததைவிடப் பெரிதாக நான் செய்துவிட்டேன்.

ஆளில்லாத நெசவுத் தெருவில் நடந்திருக்கிறீர்களா? எந்நேரமும் சத்தம் இருந்த தெரு அது. குழந்தை அழுதால்கூடத் தறிச் சத்தத்துக்குள் அமுங்கிப்போகும். அன்று என் கால் மணலில் படுவது எனக்கே கேட்டது. வாசல்களில் கோலம் போட்ட இடம் தெரியவில்லை. சுவர்களில் சுகாதாரத்து ஆட்கள் சுண்ணாம்பால் போட்ட குறிகள் இருந்தன. எடுத்த ஓடுகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் யாரோ விட்டுப்போன முறம் கவிழ்ந்து கிடந்தது. அதைக் கண்டு தெருவின் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தேன். முறத்துக்கு ஏன் பயந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு இருக்கும்போது கேட்டது.

சடக், தட், தட்.

நின்றேன். அடுத்த தெருவில் யாராவது நெய்கிறார்கள் என்று நினைக்க முயன்றேன். ஊரே காலி. மறுபடி கேட்டது. சடக், தட், இரண்டாவது அடி மெதுவாக, தட். என் வீட்டிலிருந்துதான் வந்தது. என் கால்கள் என்னைக் கேட்காமலே நடந்தன. வாசலுக்கு வந்துவிட்டேன். பூட்டு நாங்கள் போட்டபடி தொங்கியது. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்று நின்று, களைத்தவர் நெய்வதுபோல, ஆனால் அதே கை.

பூட்டை இடது கையால் பிடித்தேன். அது வெயிலில் கொதித்தது. சாவியை உள்ளே விட்டேன். இரும்பும் இரும்பும் உரசியது.

உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

அந்த அமைதியை எப்படிச் சொல்வேன்? கதவுக்கு இந்தப் பக்கம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கமும் ஒன்று அப்படியே நின்றது. அது எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷம் ஒருவரோடு வாழ்ந்தவளுக்கு அது தெரியும். கதவுப் பலகைக்கு மூன்று விரல் கனம் இருக்கும். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூப்பிட்டவள்.

சாவியை வெளியே இழுத்துக்கொண்டு ஓடினேன்.

புளியமரத்தடியில் அவருடைய அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "என்னாச்சு அம்மிணி? சேலை எங்க?"

"சாவி திரும்பலீங்க. துருப்புடிச்சுக் கெடக்குதுங்க" என்றேன்.

இதுதான் நான் சொன்னது. அவர் உடனே நம்பினார். திரும்பிப் போய்ப் பார்க்க அவருக்கும் இஷ்டமில்லை. "சரி உடு, இருக்கிற சேலையிலயே பண்ணிக்கலாம்" என்றார். காட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொன்னால் திரும்பப் போக வேண்டும். திரும்பப் போனால் கதவைத் திறக்க வேண்டும்.

அதற்கு மூன்றாம் நாள், முடிவு செய்தபடியே, எனக்குத் தாலி வாங்கினார்கள். இன்னொருத்தியிடம் இரவல் வாங்கிய சிவப்புச் சேலை. அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கழுத்திலிருந்து கயிறு போகும்போது எனக்கு அந்த இரண்டாவது அடி கேட்டது. அப்போதாவது கத்தியிருக்கலாம். அத்தனை பேர் இருந்தார்கள், எல்லோரும் சேர்ந்து போயிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை. மற்றவர்கள் மன்னிப்பதும் எனக்கு வேண்டாம்.

மாசி பிறந்து வெயில் முற்றிய பிறகு ஊருக்குத் திரும்பலாம் என்று உத்தரவு வந்தது. அத்தை பூட்டைத் திறந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பிணநாற்றம் அடிக்கும் என்று முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு நாற்றமும் இல்லை. தூசியும் வௌவால் வாடையும்தான். ஓடு எடுத்த இடத்தின் வழியாக வெயில் நேராகத் தறியின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

யாரும் இல்லை. அறைகளில் இல்லை. குழிக்குள் இல்லை. பின்கட்டில் இல்லை. கிணற்றில் ஆள் இறக்கித் தேடினோம், அங்கும் இல்லை. பின் கதவின் உள் தாழ் போட்டபடி இருந்தது. கேழ்வரகுப் பானை காலி, எலி தின்றிருக்கலாம். தண்ணீர்க் குடம் காய்ந்திருந்தது. இரண்டு மாத வெயிலில் காயத்தான் செய்யும். எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது.

அத்தை மஞ்சள் பொட்டைத் தேடினார். வைத்த இடத்தில் இல்லை. துணி சுற்றும் மரத்தைக் கொஞ்சம் பிரித்ததும் உள்ளேயிருந்து அது வெளியே வந்தது. பொட்டுக்குப் பிறகு இரண்டு முழம் புதுத் துணி இருந்தது.

அத்தை அதை வெயிலில் நிமிர்த்திப் பிடித்தார். பொட்டை ஒட்டியே ஒரு கோடு. அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. மொத்தம் ஐந்து இரட்டை இழைக் கோடுகள். அவர் கை. ஐந்து தடவை உட்கார்ந்திருக்கிறார். கடைசிக் கோட்டுக்குப் பிறகு நான்கு விரல் அகலம் நெய்திருந்தது. அதோடு நின்றுபோயிருந்தது.

அத்தை துணியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அன்னைக்கு நீ சாவி போட்டியா அம்மிணி?"

"போட்டேனுங்க அத்தை. திரும்பலீங்க."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பார்க்கும்படி, சாவியை விட்டுத் திருப்பினார். பூட்டியது. மறுபடி திருப்பினார். திறந்தது. துளியும் சிக்கவில்லை. அன்றைக்கு அவர் என்னை அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அண்ணன் சேலத்துக்குப் போய் விசாரித்தார். தனிக் கொட்டகையில் இராசிபுரத்து ஆள் ஒருவன் இறந்தது உண்மை என்றார்கள். பெயர் கேட்டதற்கு, காய்ச்சலில் பிதற்றுகிறவனிடம் யார் பெயர் கேட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உள்ளே தறிச் சத்தம் கேட்டு ஓடிவந்ததைப் பிறகு எல்லோரிடமும் ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து ஆளுக்கொரு விளக்கம். இறந்தவர் ஆசையோடு வந்து நெய்தார் என்பவர்கள் உண்டு. காய்ச்சலோடு திரும்பி வந்தவர், எங்களுக்கு ஒட்டக்கூடாது, தனிக் கொட்டகைக்கும் போகக்கூடாது என்று கூரை வழியாக இறங்கி ஒளிந்திருந்தார் என்றார் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அப்படியானால் உடம்பு எங்கே, தாழ் போட்ட வீட்டிலிருந்து எப்படிப் போனார்? வந்த வழியே ஏறிப் போயிருக்கலாம். பிளேக் கண்டவர் அந்த உயரம் ஏறுவாரா? பொட்டை அத்தை தப்பான இடத்தில் வைத்துவிட்டார் என்றும் ஒருவர் சொன்னார். அவரை அத்தை வாசலோடு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் அதே தெருவில்தான் இருக்கிறேன். தறிச் சத்தத்துக்கு நான் பயந்ததில்லை. சத்தம் நின்றால்தான் பயம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தெருவில் இருக்கும் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும். கடைசித் தறியும் நின்றுவிடும். அந்த நேரத்தில் வேண்டுமென்றே பாத்திரங்களை உருட்டுவேன். பேத்திமுறைப் பிள்ளைகள் எனக்குக் கிறுக்கு என்று சிரிக்கும். சிரிக்கட்டும்.

பேய்க்குப் பயந்து ஓடிய சின்னப் பெண் என்று கதையைக் கேட்டவர்கள் என் மேல் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பரிதாபத்தை இத்தனை காலம் சும்மா வாங்கிக்கொண்டேன். இப்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். உள்ளே சத்தம் நின்றபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு பேய் அல்ல. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதுதான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே அக்குள் கட்டியின் நினைப்பும் வந்தது. நான் ஓடியது அதற்குப் பயந்து.

இன்னும் ஒன்றைச் சொல்லவில்லை. அந்தத் துணியைப் பார்த்த நாளில் நாடா பலகை மேல் இல்லை. குழிக்குள் விழுந்து கிடந்தது. அத்தை அதைக் கையில் எடுத்தபோது துணியோடு சேர்ந்து வந்தது. இழை அறுபடவில்லை. வெற்றிலைக்கு எழுந்தாலும் இழையை அறுத்துவிட்டு எழுகிறவர், அந்த ஒரு தடவை அப்படியே போட்டுவிட்டு எழுந்திருக்கிறார்.

அத்தை அந்த இரண்டு முழத்தை மட்டும் பாவிலிருந்து வெட்டி எடுத்தார். நாடாவை விட்டுப் பிரிக்காமல், இழையோடு சேர்த்துச் சுருட்டி என் மடியில் வைத்தார். "இது உன்னுது" என்றார். அவர் காலமாகும் வரை அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் பிரித்துப் பார்ப்பேன். ஐந்து கோடுகள். முதலாவது சேலத்துக்கு எழுந்தது; மற்ற நான்கும் எதற்காக எழுந்தாரோ, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஆறாவது தடவை எழுந்ததற்குத் துணியில் கோடு இல்லை, நாடாவில் தொங்கும் இழைதான் இருக்கிறது. அதை மட்டும் படித்துவிடுகிறேன். இது என்னால்.

யார் நெய்தது என்று கேட்டுக்கொண்டு இன்னும் ஆள் வருகிறார்கள். அது எனக்குத் தெரியும். சாவிச் சத்தம் கேட்டு எழுந்தவர், கதவு திறக்குமென்று எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.